நல்ல பக்கம்

அந்த வீட்டில் இரண்டு தொழில் நடந்தது. நடுவில் ஒரே ஒரு சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட ஷெட். அதில் மெக்கானிக் பழைய கார்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். இந்தப் பக்கம் ஜன்னலோரமாகத் தையல் மிஷின். அதில் அவர் மனைவி தெருக்காரர்களின் துணிமணிகளை வெட்டித் தைத்துக்கொண்டிருப்பாள். "என் துணியில ஒரு சொட்டு கிரீஸ் பட்டா அப்புறம் இருக்கு உங்களுக்கு" என்று அவளும், "என் வண்டி சீட்ல குண்டூசி குத்துச்சுன்னா மிஷினைத் தூக்கித் தெருவுல வெச்சிருவேன்" என்று அவரும் ஆரம்பத்திலேயே எல்லை போட்டுக்கொண்டார்கள். ஆள் எல்லை தாண்டுவதில்லை. சத்தம் மட்டும் நாள் முழுக்கப் போய்வந்துகொண்டிருக்கும். டீ கேட்பதும், டீயில் சர்க்கரை போதவில்லை என்று குறை சொல்வதும், குறை சொன்ன வாய்க்கு நாளைக்கு டீயே கிடையாது என்று பதில் வருவதும் அந்தச் சுவர் வழியாகத்தான்.

மழை பிடிப்பதற்குச் சற்று முன்னால் ஒரு காலையில் அந்தச் சுவர் ஊமையாகிவிட்டது. டீ டம்ளரைப் பிடித்திருந்த மெக்கானிக்கின் வலது கை, அவரைக் கேட்காமலே டம்ளரை விட்டுவிட்டது. கீழே உருண்ட டம்ளரை யாரோ வேறு ஆள் போட்டது போல அவர் பார்த்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். சீக்கிரம் வந்ததால் பிழைத்தார், கால் சீக்கிரமே திரும்பிவிடும், கையும் பேச்சும் மெதுவாக வரும், பொறுமை வேண்டும் என்றார்கள். கால் சொன்னபடி திரும்பிவிட்டது. கைக்கு அசைவு வந்தது, உணர்ச்சி வரவில்லை. நாக்கு தடித்துப்போய் 'ர' எல்லாம் 'ல'வாக உருண்டது.

கையைவிட அந்த 'ல'தான் மனிதரைச் சாய்த்தது. தெரு முனை வரை கேட்கும் குரலில் வாடிக்கையாளரை வறுத்தெடுத்தவர், குழந்தை மாதிரி மழலை பேசுவதா என்று வாயைப் பூட்டிக்கொண்டார். போன் அடித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தையல்காரிதான் ஓடிப்போய் எடுப்பாள். "அவர் குளிச்சிட்டிருக்காருங்க, அப்புறம் பேசச் சொல்றேன்." காலையில் கேட்டாலும் அதே பதில், மாலையில் கேட்டாலும் அதே பதில். ஒரு மனுஷன் இத்தனை குளியல் குளித்தால் கரைந்தே போயிருப்பான். கேட்டவர்களுக்கும் விஷயம் புரிந்து, மெல்ல மெல்ல போன் அடிப்பது குறைந்துபோயிற்று.

பூட்டிக் கிடந்த ஷெட்டின் மேல் கொழுந்தனின் கண் விழுந்தது. மெக்கானிக்கின் தம்பி கெட்டவன் இல்லை. பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறவன், சரக்கு வைக்க இடமில்லாமல் திண்டாடுகிறவன், அவ்வளவுதான். ஒருநாள் வந்து உட்கார்ந்து, தலையைச் சொறிந்துகொண்டே ஆரம்பித்தான்.

"அண்ணே, ஷெட்டு சும்மாதானே கிடக்கு. மழைக்கு எலி குடும்பம் நடத்தறதுக்குப் பதிலா என் பக்கெட்டும் குடமும் இருந்துட்டுப் போகட்டுமே. திங்கக்கிழமை லோடு வருது."

மெக்கானிக் தலையாட்டினார். அவ்வளவுதான், ஒரே ஒரு தலையாட்டல். மிஷினில் உட்கார்ந்திருந்த தையல்காரி மிதிப்பதை நிறுத்தினாள். ஷெட்டில் பக்கெட் ஏறிவிட்டால் இந்த மனுஷன் இனி இந்தக் கட்டிலை விட்டு இறங்கமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. கை வரும், நாக்கு வரும், ஆனால் வருவதற்கு ஓர் இடம் வேண்டாமா? அதைச் சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

கப்பல் வந்தது சனிக்கிழமை காலை. கப்பல் என்பது நர்ஸம்மாவின் கார். அந்தக் காலத்துப் பெரிய கார். முன்பக்கம் தெருமுனை திரும்பி, கொஞ்சம் பொறுத்துத்தான் பின்பக்கம் திரும்பும். ரிட்டயர் ஆன பிறகும் நர்ஸம்மா அதை ஓட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப்போடுவதும் ஊசி போடுவதுமாகத்தான் இருந்தார். மெக்கானிக்கின் கைக்குப் பயிற்சி கொடுக்கவும் அவர்தான் வந்துகொண்டிருந்தார். அன்றைக்குக் கப்பல் தெருவுக்குள் நுழையும்போதே ஓலமிட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப, இடுக்கில் மாட்டிய பூனை மாதிரி ஒரு சத்தம். நர்ஸம்மா இரண்டு கையாலும் சக்கரத்தைக் கட்டிப்பிடித்து மல்லுக்கட்டி, ஒரு வழியாக ஷெட் வாசலில் நிறுத்தி இறங்கினார். இறங்கியதும் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, என் கப்பல் அழுவுது. அதோட சேர்ந்து என் தோளும் அழுவுது. ராத்திரி ஊத்தின ஆயில் காலைல தரையில கிடக்கு."

மெக்கானிக் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வண்டிக்கு அடியில் சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"வேற இடத்துல காட்டினேன். ஸ்டீயரிங் பம்பையே மாத்தணும்னு சொல்றான். இந்த வண்டிக்குப் பம்பு வேணும்னா நான் மியூசியத்துலதான் போய்த் திருடணும்" என்றார் நர்ஸம்மா. "பம்பு நல்லாத்தான் இருக்கு, உள்ள இருக்கற ரப்பர் சீல் மட்டும் மாத்தினா போதும்னு போன வருஷமே நீ சொல்லலியா? சீல் செட்டுகூட வாங்கி வெச்சேன்னியே?"

மெக்கானிக் வலது கையை இடது கையால் தூக்கி, மடியில் மறுபடியும் வைத்தார். அதுதான் பதில்.

"கை என்கிட்ட இருக்கு" என்றாள் தையல்காரி.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. நர்ஸம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். மெக்கானிக்கும் திரும்பிப் பார்த்தார். கட்டிலிலிருந்து அவர் அப்படித் திரும்பிப் பார்த்து வெகுநாளாயிற்று. அது கோபமா கேலியா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. எதுவானாலும் சுவரைப் பார்ப்பதைவிட நல்லதுதான்.

"நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன். நாளெல்லாம் ஊசியைப் பிடிக்கற விரலுக்கு ஒரு ஸ்பானரைப் பிடிக்கத் தெரியாதா?"

"வலாது" என்றார் அவர். வராது என்றுதான் சொன்னார். சொன்ன வார்த்தையைக் கேட்டுத் தானே முகம் சுளித்து, உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"வருதா வராதான்னு வண்டி சொல்லட்டும்" என்று சாவியை அவள் கையில் திணித்தார் நர்ஸம்மா. "நான் பஸ்ஸுல போய்க்கறேன். திங்கக்கிழமை காலைல எனக்குக் கப்பல் வேணும். ஒரு ஆளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்." குடையை விரித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார்.

தையல்காரி புடவையைத் தூக்கிச் செருகி, மேலே அவருடைய பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டாள். சட்டையின் கைகளை மடக்கிவிட்டு ஷெட்டைத் திறந்து, தெருப் பையன்களைக் கூப்பிட்டுக் கப்பலை உள்ளே தள்ளவைத்தாள். தகரக் கூரையில் தூறல் பொரிந்துகொண்டிருந்தது. உள்ளே பழைய எண்ணெய் வாடை. மெக்கானிக் வாசல் வரை வந்து நின்றார், அப்புறம் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் பானெட்டைத் திறந்தாள். இத்தனை வருஷம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்த தொழிலின் முகத்தை அன்றுதான் நேராகப் பார்த்தாள்.

அவர் இடது கை விரலால் காட்டினார். பம்பு எஞ்சினுக்கு முன்னால் ஓரமாக, ஒரு சொம்பு அளவில் இருந்தது. முதலில் பெல்ட்டைத் தளர்த்திக் கழற்ற வேண்டும், அப்புறம் ஹோஸ் இரண்டு, அப்புறம் பம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். பேச்சு தேவைப்படாத வரை அவர் பேசவில்லை. ஒரு போல்ட் அசைய மறுத்தபோது மட்டும் பொறுக்கமுடியாமல், "அந்தக் குழாய்" என்றார். ஒரு துண்டு இரும்புக் குழாயை ஸ்பானரின் வாலில் செருகி அழுத்தச் சொன்னார். அழுத்தினாள். போல்ட் கிறீச்சிட்டு இளகியது.

"ஹை" என்றாள் தையல்காரி.

"உடைக்காதே."

"உடைச்சா நானே தைச்சுத் தர்றேன்."

அவர் உதட்டோரம் என்னவோ ஓடியது, அவள் பார்த்துவிட்டாள்.

பம்பைத் தூக்கி மேஜையில் வைத்ததும் அவள் ஒரு காரியம் செய்தாள். பழைய வெள்ளைப் போர்வை ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தாள். சட்டையைப் பிரித்துத் தைக்கிறவள் காலர், கை, பட்டி என்று பிரித்த வரிசையில் அடுக்கி வைப்பது போல, கழற்றியதையெல்லாம் கழற்றின வரிசையிலேயே அடுக்கினாள். புல்லர் என்கிற இழுவைக் கருவியை மாட்டித் திருகி, பெல்ட் ஓடும் புல்லிச் சக்கரத்தை இழுத்தாள். பின்னாலிருந்த நட்டுகளைக் கழற்றி, தட்டித் தட்டி ஆயில் டப்பாவைப் பிரித்தாள். உள்ளே மூடியைப் பிடித்திருந்த வளையத்தை எடுப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. பக்கவாட்டில் ஒரு பொடி ஓட்டை இருக்கும், அதில் ஆணியை விட்டு உள்ளேயிருந்து வளையத்தைத் தள்ளிக்கொண்டே, இன்னொரு கையால் ஸ்க்ரூட்ரைவரை விட்டு நெம்ப வேண்டும். இதை அவர் ஒரே மூச்சில் சொல்லவேண்டியிருந்தது. நாக்கு இடறியது. நிறுத்தினார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் பம்பையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் மறுபடி ஆரம்பித்து முடித்தார். வளையம் துள்ளி வந்தது, பின்னாலேயே ஸ்பிரிங் மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது.

"பாத்தீங்களா, நாம பேசிட்டா எல்லாம் வெளிய வருது" என்றாள்.

உள்ளே ஒரு சக்கரமும், சக்கரத்தின் காடிகளில் நிற்கும் சின்னச் சின்னத் தகடுகளும் இருந்தன. தகடுகளுக்கு ஒரு விளிம்பு தட்டை, ஒரு விளிம்பு உருண்டை. உருண்டை விளிம்பு வெளிப்புறம் வரவேண்டும். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அவள் கண்ணை மூடி, ஒவ்வொன்றையும் விரல் நுனியில் உருட்டிப் பார்த்துப் பிரித்தாள். துணியின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிற அதே விரல்தான். மெக்கானிக் ஒரு தகட்டை எடுத்துத் தன் வலது கை விரலில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை போலும், திரும்பப் போர்வையில் அதே இடத்தில் வைத்துவிட்டார். டீ போடுகிறேன் என்று உள்ளே போய் வந்தாள்.

ரப்பர் வளையங்கள் எல்லாம் அப்பளம் மாதிரி விறைத்து உடைந்தன. புது செட்டைப் பிரித்துப் பழசோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, சிவப்பு ஆயிலில் நனைத்துப் போட்டாள். அளவுக்குக் கொடுத்த பழைய ஜாக்கெட்டைத் தூக்கிப்போடாதது போல, பழைய வளையங்களையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்தாள். "குப்பை எதுக்கு?" என்றார். "அளவுக்கு இருக்கட்டும்" என்றாள். கடைசியாக, சுழல்கிற தண்டைச் சுற்றி ஆயில் கசியாமல் பிடிக்கும் பெரிய சீல். ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு பக்கம் தட்டைத் தகடு, அதில் பொடி எழுத்தில் நம்பர். மறு பக்கம் கருப்பு ரப்பர் உதடு, உதட்டைச் சுற்றி ஒரு மெல்லிய ஸ்பிரிங்.

"நல்ல பக்கம் வெளிய" என்றார் மெக்கானிக். சொல்லிவிட்டு, சீல் மேல் வைத்துத் தட்டுவதற்குத் தோதான பெரிய சாக்கெட்டைத் தேடி மேஜைக்கு அடியில் குனிந்தார்.

தையல்காரி சீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. எழுத்து இருப்பது உள்பக்கம்தான், இதைக்கூடவா கேட்க வேண்டும்? அளவுக் குறியோ பெயரோ எதுவானாலும் சாக்பீஸால் துணியின் உள்பக்கத்தில்தான் எழுதுவாள். நல்ல பக்கத்தில் கோடு விழுந்தால் துணிக்காரி சும்மா விடுவாளா? எழுத்தை உள்ளே வைத்து, வழவழவென்றிருந்த ரப்பர் பக்கத்தை வெளியே வைத்துச் சீலைப் பள்ளத்தில் உட்காரவைத்தாள். அவர் சாக்கெட்டோடு நிமிர்ந்தபோது அதை வாங்கிச் சீல் மேல் கவிழ்த்துச் சுத்தியலால் தட்டினாள். சத்தம் மாறியதும், "போதும், உக்காந்துடுச்சு" என்றார் அவர். கேட்டே சொன்னார். பார்க்கவில்லை.

சாயங்காலத்துக்குள் பம்பு மறுபடி வண்டியில் ஏறிவிட்டது. இருவரும் ரொட்டியும் வேகவைத்த முட்டையும் ஷெட்டிலேயே சாப்பிட்டார்கள். இடது கையால் அவர் ரொட்டியைப் பிய்த்தது அன்றைக்குப் பரிதாபமாகத் தெரியவில்லை. வேலைக்கு நடுவில் ஒருவர் அவசரமாகச் சாப்பிடுவதாகத்தான் தெரிந்தது. முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஆயில் ஊற்றி, எஞ்சினைப் போடாமலே ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொன்னார். ஆயிலில் நுரை வந்து வந்து அடங்கியது. அப்புறம் எஞ்சினைப் போட்டாள்.

ஓலம் இல்லை. ஸ்டீயரிங் வெண்ணெய் மாதிரி திரும்பியது. அவள் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள். அதே நேரத்தில், சுழலும் புல்லிக்குப் பின்னாலிருந்து ஆயில் சிதறி, திறந்திருந்த பானெட்டின் உட்புறத்தில் சிவப்பாக ஒரு கோடு போட்டது. கோடு தடித்தது, சொட்டியது.

மெக்கானிக் இடது கையை நீட்டிச் சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்தினார். அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க, ஏதோ லூஸா இருக்கும்..."

"லூஸ் இல்ல. சீல்." இடது கையால் தன் தலையைத் தொட்டுக் காட்டினார். "கையோட இதுவும் போச்சு. தப்பா சொல்லிட்டேன். எத்தனை பம்பு போட்டவன் நான்? இதுகூட ஞாபகம் இல்ல."

அவர் உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கை போனதற்குக்கூட அவர் இப்படிப் படுக்கவில்லை. அன்று இரவுச் சாப்பாடு அவர் தட்டில் அப்படியே ஆறியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொழுந்தன் வந்தான். கட்டிலில் கிடந்த அண்ணன் வாயைத் திறக்காமல் ஆணியில் தொங்கிய ஷெட் சாவியைக் காட்டினார். கொழுந்தன் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"கப்பல் உள்ள நிக்குதே அண்ணி? எப்ப எடுப்பீங்க?"

"கொஞ்சம் உக்காருங்க. டீ குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு அவள் டீ போடப் போகவில்லை. பூட்டாமல் கிடந்த ஷெட்டுக்குப் போனாள்.

தைத்த துணி சரியாக விழவில்லை என்றால் தையல்காரி அழமாட்டாள், பிரித்துப் பார்ப்பாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். பம்பை இறக்கவில்லை. பெல்ட்டைத் தளர்த்தி, புல்லரை மாட்டிப் புல்லியை மட்டும் உருவினாள். டார்ச்சை அடித்துப் பார்த்தாள். சீலின் கருப்பு உதடும் ஸ்பிரிங்கும் அவளைப் பார்த்து இளித்தன. டப்பாவிலிருந்து பழைய சீலை எடுத்தாள். நெம்பி எடுத்ததில் வளைந்திருந்தாலும், எந்தப் பக்கம் வெளியே இருந்தது என்று அது மறைக்கவில்லை. சட்டைக் காலரில் அழுக்கு எந்தப் பக்கம் பிடிக்கும் என்று அவளுக்கா தெரியாது? பழைய சீலில் தெருப் புழுதியும் கிரீஸும் அப்பியிருந்த பக்கத்தை நகத்தால் சுரண்டினாள். அழுக்குக்கு அடியிலிருந்து எழுத்து வந்தது.

அவள் அப்படியே மேஜைமேல் சாய்ந்துகொண்டாள். தன் வாழ்நாளில் ஒரு தப்பு செய்ததற்காக அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

இரண்டு எட்டில் கட்டிலருகே வந்து நின்றாள். "எழுந்திரிங்க. எழுந்திரிச்சு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சீல்ல நல்ல பக்கம்னா எது?"

அவர் சுவரோடு பேசினார். "விடு."

"சொல்லுங்கன்னா."

"எழுத்துப் பக்கம். எல்லாலுக்கும் தெலியும்."

"எனக்குத் தெரியலயே. எங்க தொழில்ல எழுத்து இருந்தா அது உள்பக்கம். நான் எழுத்தை உள்ள தள்ளி, வாயை வெளிய பாத்து வெச்சிருக்கேன்."

மெக்கானிக் மெதுவாகத் திரும்பினார். அவள் உள்ளங்கையில் இருந்த பழைய சீலைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"நான் என்ன சொன்னேன்?"

"நல்ல பக்கம் வெளியன்னு சொன்னீங்க."

"அப்படியேவா சொன்னேன்?"

"ஒரு எழுத்து பிசகாம சொன்னீங்க. கேட்ட காதுதான் தையல்காரி காது."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "திலும்பச் சொல்லு" என்றார்.

திரும்பச் சொன்னாள். மூன்றாவது முறையும் சொல்லியிருப்பாள், அதற்குள் அவர் கண் நிறைந்துவிட்டதால் முந்தானையால் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். தலை போகவில்லை. அண்ணனும் அண்ணியும் ஒரு அழுக்கு வளையத்தை வைத்துக்கொண்டு ஏன் கண் கலங்குகிறார்கள் என்று புரியாமல், வராத டீக்காகக் கொழுந்தன் காத்துக்கொண்டிருந்தான்.

ஆனால் ஒருமுறை தட்டி உட்காரவைத்த சீலை நெம்பினால் அது நாசம். செட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. "போனை எடு" என்றார் மெக்கானிக். அவள் வழக்கம்போல் தானே பேசுவதற்காகக் காதில் வைத்தாள். அவர் கையை நீட்டினார். அவள் கொடுத்தாள்.

ஸ்பேர்ஸ் கடைக்காரர் கடைக்கு மேல் மாடியிலேயே குடியிருக்கிறவர். அவருக்கு முதலில் ஆள் யாரென்றே பிடிபடவில்லை. மெக்கானிக் தன் தொழிலைச் சொல்லி, தெருவைச் சொல்லி, கடைசியில் போன வருஷம் ஓட்டை ரேடியேட்டரைத் தலையில் கட்டினாயே, அந்த ஏமாந்த ஆள் என்று சொன்னார். மறுமுனையில் ஆரவாரம் கேட்டது. அப்புறம் சீலின் நம்பர். எழுத்தும் எண்ணும் கலந்த நீள நம்பர், அதில் இரண்டு இடத்தில் 'ஆர்' வந்து தொலைத்தது. "'எல்'லா?" என்றார் கடைக்காரர். "எல் இல்ல." "அப்ப 'ஏ'வா?" "ஏ இல்லய்யா, லயிலுக்கு முதல் எழுத்து." அவர் ரயிலைச் சொன்னார். தையல்காரியின் கை போனைப் பிடுங்கித் தானே சொல்லிவிடலாமென்று துடித்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டாள். அவருக்கு நெற்றியில் வேர்த்தது. போனை விடவில்லை. மறுபடி, மறுபடி. கடைசியில் கடைக்காரர் முழு நம்பரையும் திருப்பிப் படித்தார்.

"அதேதான்" என்று சொல்லி வைத்துவிட்டு, தம்பியைப் பார்த்தார். "டேய், பைக்ல போய் வாங்கிட்டு வா."

"மழை பெய்யுதுண்ணே."

"பக்கெட்டைக் கவுத்துக்கிட்டுப் போ."

கொழுந்தன் போனான். அண்ணன் திட்டி எத்தனை நாளாகிவிட்டது என்று அவனுக்கும் இருந்திருக்கும் போல, சிரித்துக்கொண்டேதான் போனான்.

அவன் நனைந்து திரும்பியபோது தப்பான சீலை நெம்பி எடுத்துப் பள்ளத்தைத் துடைத்து வைத்திருந்தாள். இப்போது இன்னொரு சங்கடம். தண்டு இருந்த இடத்திலேயே இருக்க, அதன்மேல் சீலை ஏற்ற வேண்டும். தண்டின் முனையில் கூர்விளிம்பு, புது ரப்பர் உதட்டைக் கீறிவிடும். மெல்லிய, வழுக்கலான, கிழியாத ஏதாவது ஒன்றைத் தண்டில் சுற்றி, அதன்மேல் ஏற்றி, அப்புறம் அதை உருவிவிடலாம். காகிதம் நனையும், தகரம் கீறும். மெக்கானிக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பீலோ மேல அந்தப் படம் இலுக்கே, கொண்டா" என்றார்.

அவருடைய தலை ஸ்கேன் படம். அதை அவள் ஒரு துணியில் சுற்றி, யார் கையும் படாமல் பீரோ மேல் வைத்திருந்தாள். அதைப் பார்த்தாலே அவளுக்கு அந்த டம்ளர் உருளும் சத்தம் கேட்கும். கொண்டுவந்து பிரித்தாள்.

"இதையா வெட்டச் சொல்றீங்க?"

"ஓலமா வெட்டு. அங்க ஒண்ணும் இல்ல, வெறும் கருப்பு."

"நடுவுலயும் ஒண்ணும் இல்லன்னுதான் உங்க தம்பி சொல்வாரு" என்றாள். கொழுந்தன், "நான் எதுவும் சொல்லல அண்ணி" என்று அவசரமாக மறுத்தான். மெக்கானிக் சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, சத்தமாகவே சிரித்தார்.

தையல்காரி தன் பெரிய கத்தரியால் படத்தின் கருப்பு ஓரத்தில் ஒரு பட்டை வெட்டினாள், கோடு போட்டது போல நேராக. தண்டில் சுற்றி ஆயில் தடவினாள். சீலை எடுத்து, எழுத்தை அவருக்குக் காட்டினாள்.

"நல்ல பக்கம்?"

"வெளிய."

ஏற்றினாள். வழுக்கிக்கொண்டு போனது. படத்தை உருவினாள். சாக்கெட்டை அவள் பிடித்துக்கொள்ள, இந்த முறை சுத்தியலை அவர் எடுத்தார், இடது கையில். மூன்று நாலு அடி கோணலாக விழுந்து, ஒன்று அவள் கட்டைவிரலையும் பதம் பார்த்தது. அவள் கத்தவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே கத்தினாள், அவரும் திருப்பிக் கத்தினார். ஆனால் இரண்டு பேரும் சுவருக்கு ஒரே பக்கத்தில் நின்றுகொண்டு கத்தினார்கள். சத்தம் மாறியது. சீல் உட்கார்ந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை நர்ஸம்மா வந்தபோது மழை விட்டிருந்தது. கப்பலுக்கு அடியில் மெக்கானிக் விரித்து வைத்திருந்த காகிதத்தில் ஒரு சொட்டு இல்லை. நர்ஸம்மா ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டு, ஒற்றை விரலால் ஸ்டீயரிங்கைச் சுற்றினார். இந்தக் கோடி, அந்தக் கோடி. பூனைச் சத்தம் இல்லை.

"யார் கை இது?" என்றார்.

"கை அவளுது" என்றார் மெக்கானிக். "திட்டு என்னுது."

"சீலுக்கு வாய் உள்ள இருக்கணுமாம் நர்ஸம்மா. இவரும் அதைப் பாத்துத்தான் இத்தனை நாள் வாயை உள்ள வெச்சிருந்தாரு" என்றாள் தையல்காரி.

கப்பல் பின்னால் நகர்ந்து வெளியே வரவேண்டும். வாசலை அடைத்துக்கொண்டு கொழுந்தனின் வேன் நின்றது, உச்சிவரை பக்கெட்டும் குடமுமாக. கொழுந்தன் இறங்கி நின்று அண்ணனையும் ஷெட்டையும் மாறி மாறிப் பார்த்தான். சாவி இன்னும் அவன் பையில்தான் இருந்தது.

"டேய்" என்றார் மெக்கானிக். தெரு முனை வரை கேட்டது. "வேனைப் பின்னால எடு. கஸ்டமல் வண்டி வெளிய வலணும்."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கொழுந்தன் அண்ணி கையில் சாவியை வைத்தான். "என் மாமனார் வீட்டு மாடி சும்மாதான் அண்ணி கிடக்கு" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் பின்னால் எடுத்தான். கப்பல் நிதானமாக வெளியே வந்து, தெருமுனையில் முன்பக்கமும் அப்புறம் பின்பக்கமுமாகத் திரும்பிப் போயிற்று.

தையல்காரி உள்ளே வந்து, காக்கிச் சட்டையைக் கழற்றாமலே மிஷினில் உட்கார்ந்தாள். கட்டைவிரல் வீங்கியிருந்தது. கெடு தாண்டிய துணிகள் குவிந்து கிடந்தன. நூலைக் கோக்கும்போது போன் அடித்தது. பழக்கதோஷத்தில் அவள் எழுந்து ஓடினாள், வாயில் அந்தக் குளியல் தயாராக இருந்தது. ஆனால் மெக்கானிக் அவளுக்கு முன்னால் போனை எடுத்துக் காதில் வைத்திருந்தார், இடது கையால்.

"ஆமா, நாந்தான்" என்றார். "குளிச்சு முடிச்சுட்டேன். சொல்லுங்க, வண்டிக்கு என்ன?"